அபெனாவின் கறுப்பு உடுப்பு

எங்கள் எல்லாருக்கும் மூத்தவரான பாஸ்ரர் அண்ணைக்கு,

நீங்கள் கர்த்தரிடம் போய் இரண்டு நத்தார்ப் பண்டிகை கழிந்துவிட்டது. மிச்சம் என்ற இந்த ஊர்ச் சேர்ச் மண்டபத்தின் திறப்புச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுக்காத சைவக்காரிக்கு ஏன் திறப்பு என்று கேட்டவர்களிடம், "அவ நேரத்துக்கு வருவா, அது காணும்" என்றீர்களே. இன்றும் நேரத்துக்குத்தான் ட்ராமை விட்டு இறங்குகிறேன்.

உங்கள் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார். சுவிசிலிருந்து வந்த எங்கள் தமிழ் ஆள்தான். பெயரை எழுத மனமில்லை. நகரத்துப் பல்லின மக்களுக்கு ஊழியம் செய்வது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி எடுத்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நீங்கள் பஸ் ஓட்டிக்கொண்டே இருபது வருடம் படித்ததை மூன்று நாளில் முடித்துவிட்டார். கெட்டிக்காரர் இல்லையா? நாற்பது பேர் இருக்கும் மண்டபத்தில், கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு கத்துகிறார். முன்வரிசைக் கிழவர்கள் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிரசங்கம் கேட்கிறார்கள்.

"நாங்கள் பதினொரு நாட்டுச் சபை" என்று வாரம் தவறாமல் சொல்கிறார். அந்தப் பதினொரு நாட்டில் ஒருவருடைய வீட்டுப் படியைக்கூட அவர் மிதித்ததில்லை.

என் மனுசன் செத்த அன்று நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? வேதப்புத்தகத்தைக் காரிலேயே வைத்துவிட்டு, வாசலில் சப்பாத்தைக் கழற்றினீர்கள். "உங்கட ஆக்கள் இப்ப என்ன செய்வினம் தங்கச்சி? சொல்லுங்கோ, நான் கூட நிக்கிறன்" என்றீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கும் வந்து, ஐயர் மந்திரம் முடிக்கும்வரை மூலையில் நின்று, மரக்கறிச் சோறு சாப்பிட்டுப் போனீர்கள். ஜமெய்க்காக்காரர் வீட்டிலும் போலந்துக்காரர் வீட்டிலும் உங்களுடைய முதல் கேள்வி அதுதான்.

இனி அபெனாவின் கதைக்கு வருகிறேன். ஸ்ட்ரெதத்திலிருந்து வருவாரே, உங்கள் அடக்கத்தில் பாடிய கானா நாட்டுக்காரி, அவரேதான். மாசியில் அவருடைய கணவர் இறந்துபோனார். அவர்கள் வழக்கப்படி மனைவி ஒரு வருடம் கறுப்புத்தான் உடுக்க வேண்டும்.

சித்திரையில் புதுப் பாஸ்ரர் 'பண்பாட்டு ஞாயிறு' வைத்தார். எல்லோரும் தங்கள் நாட்டு உடுப்பில் வர வேண்டும். படம் எடுத்து, சபைத் தலைவர்களின் மாநாட்டில் காட்ட வேண்டும். அதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆபிரிக்க அன்ரி ஏன் எந்த நாளும் கறுப்பிலை வாறா? படத்திலை எடுபடாது. அவையிட்டை நல்ல கலர் உடுப்புகள் இருக்குமே. ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"அவவின்ரை மனுசன் செத்து இரண்டு மாதந்தான் பாஸ்ரர். துக்கம் காக்கிறா."

"ஓம், ஓம், தெரியும். ஒரு நாளைக்குத்தானே? கர்த்தருக்குள்ளை சந்தோசமா இருக்கோணும் எல்லோ."

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். உங்களுக்கு முன்னால் தேவாரத்தை இழுத்ததற்கு மன்னியுங்கள், அண்ணை. வேறு சொல் வரவில்லை.

ஆனால் போய்ச் சொன்னது யார்? நான்தான். உங்கள் கேள்வியால் அன்று நிமிர்ந்தவள், வாயை மூடிக்கொண்டு அந்தத் தூதைக் கொண்டுபோனேன். "நீயா இதைச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேட்டார் அபெனா. மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும் உடுப்பில் வந்தார். நடுவில் நின்று சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் கழிவறைக்குப் போய்க் கறுப்பை உடுத்துக்கொண்டு, தேநீர் குடிக்காமல் போனார். ஏழு வாரமாக அவர் வரவில்லை. போனும் எடுப்பதில்லை.

படம் மட்டும் வந்திருக்கிறது. பிரசங்க மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறார். போன ஞாயிறு ஒரு விருந்தாளிக்கு அபெனாவின் முகத்தைக் காட்டி, "இவ எங்கட சபையின்ரை தூண்" என்றார். "எங்கே, கூப்பிடுங்களேன்" என்றார் விருந்தாளி. இவர் கதிரைகளில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஷிப்ட் போலை" என்றார். அபெனா வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது, அண்ணை. எனக்கு இந்தப் பாஸ்ரரைப் பார்க்கவே அருவருத்தது. என்னையும்தான்.

நேற்று ஸ்ட்ரெதத்துக்குப் போனேன். அபெனா கதவைச் சங்கிலியோடு கொஞ்சமாகத் திறந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கேள்வியைக் கேட்டேன். "உங்கள் ஆட்கள் இப்போது என்ன செய்வார்கள்? சொல்லுங்கள், நான் கூட நிற்கிறேன்."

என் காலைப் பார்த்தார். "இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு சங்கிலியைக் கழற்றினார்.

வரும் மாசியில் வருடம் முடியும்போது கறுப்பைக் களைந்து வெள்ளை உடுத்து ஜெபிப்பார்களாம். அதற்கு மண்டபம் வேண்டும், ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் தான் நிற்கப் போவதில்லை என்றார்.

நாளை ஞாயிறு. எல்லோருக்கும் முன்னதாகப் போய், அந்தப் படத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் கதிரை அடுக்குவேன். யார் கழற்றியது என்று அவர் மைக்கில் கேட்பார். நான் எழும்பி நின்று, மைக் இல்லாமலே சொல்லுவேன். திறப்பைக் கேட்டால், மாசி முடியத் தருகிறேன் என்பேன்.

இப்படிக்கு,
சப்பாத்தைக் கழற்றப் பிந்திப்போன உங்கள் தங்கச்சி