காற்று ஓட்டை

வியாழன் இரவு.

மகன் தூங்கிட்டான். எனக்கு இன்னும் தலை கனமா இருக்கு. வேற ஒண்டும் தோணல்ல.

பிள்ளை பெத்த உடம்புக்குச் சுடுதண்ணி வேணுமெண்டு இவர் கேஸ் ஹீட்டர் வாங்கினார். காலையில பூட்ட வந்தவர் சிலிண்டரை வெளியில வச்சார். ஹோஸ் பூட்டின இடமெல்லாம் சவுக்கார நுரை தடவி, குமிழி வருதா எண்டு பார்த்தார். வரல்ல. ஹீட்டரையும் வெளியிலதான் மாட்டோணும் எண்டார். மழை படும் எண்டு இவர் விடல்ல. கடைசியில பூட்ட வந்தவர் ஹீட்டரைக் குளிக்கிற அறைக்குள்ள மாட்டி, புகை போகச் சுவரில ஓட்டை ஒண்டு போட்டார்.

"இத அடைச்சிராதீங்க. நஞ்சுப் புகை உள்ளுக்கே நிக்கும், மணம்கூட வராது."

மாமி அந்த நேரம் தொழுதுகொண்டிருந்தா.

பின்னேரம் குளிக்கப் போனன். பாதியில கால் ரெண்டும் இல்லாத மாதிரி இருந்திச்சு. கதவைத் திறந்தது ஞாபகம், விழுந்தது ஞாபகமில்ல. ஆஸ்பத்திரியில ஒக்சிசன் தந்து, இஷாத் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினாங்க.

ஓட்டையில மாமிட பழைய சாரி சுருட்டிக் கிடந்திச்சாம்.

"பிள்ளை பெத்த உடம்பில காத்துப் படப்படாதெண்டுதான் புள்ள," எண்டா மாமி. எனக்குக் கோவம் வருமா எண்டு பார்த்தன், வரல்ல.

மகன் பிறந்ததிலிருந்து இந்த அறை ஜன்னலைத் திறக்க மாமி ஆரையும் விட்டதில்ல. இப்ப அவவே எல்லாத்தையும் திறந்து வச்சிட்டு, ஜன்னலுக்குக் கீழ கண் மூடாம இருக்கிறா.

கடல் காத்து குளிருது. மூடுங்க மாமி எண்டு சொல்ல வாய் வரல்ல.