கையில்லாத கவுன்

திருத்தங்கல்,
7.9.2003

மதிப்பிற்குரிய வேல்விழி அப்பாவுக்கு,

பொன்னுத்தங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் சுகமாக இருக்கிறோம். தோகாவில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா, உங்களுக்கு மூக்கில் ரத்தம் வருவது நின்றதா என்று எழுதவும். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உடனே பதில் எழுதியிருந்தால் அதில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இருந்திருக்காது என்பதால் பேசாமல் இருந்தேன். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் இன்று ஞாயிறு, தலைக்குக் குளித்து முடி காயும் வரை உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

பார்க்குக்குப் போகும் விசயத்தைப் போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போன் இருப்பது உங்கள் அண்ணன் வீட்டில். நான் ஹலோ என்பதற்குள் கண்ணுச்சாமி அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். மாடத்தி அக்கா அரிசி புடைப்பதை நிறுத்திவிடுவாள். அங்கே நின்றுகொண்டு புருசனிடம் நான் என்னத்தைப் பேச? அதற்குள் அத்தானே உங்களுக்குச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது பாதிதான், மீதியை நான் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்ததும் வருசா வருசம் எங்களை டூர் கூட்டிப்போவது உங்களுக்குத் தெரியும். எப்போதும் திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்பும் வழியில் ஒரு கோயில். இந்த வருசம் எங்கே போகலாம் என்று போர்மேன் கேட்டபோது நான்தான் எழுந்து, மதுரைக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் தண்ணீர் பார்க்குக்குப் போகலாம் என்றேன். பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் சறுக்கு விளையாடப் போறீகளா என்று அவர் சிரித்தார். ஊர்ப் பிள்ளைகள் கொண்டாட நாங்கள் வருசம் பூராவும் பட்டாசு கட்டுகிறோம், ஒரே ஒரு நாள் நாங்கள் விளையாடினால் கம்பெனி இடிந்து விழுந்துவிடுமா என்று கேட்டேன். ஆவுடைத்தாய் மதினி முதலில் கை தட்டினாள். திரி வைக்கும் அறையில் என் பக்கத்தில் உட்காருகிறவள், நம் கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்காக உங்களோடு சண்டை போட்டாளே, அவள்தான். அவள் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று முடிவாகிவிட்டது.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். ஆசை எனக்கில்லை, உங்கள் மகளுக்கு. என் தம்பி மாரிக்கண்ணன் பிரஸ்ஸில் இருந்து கொண்டுவரும் வேஸ்ட் ஷீட்டில்தான் அவள் நோட்டுக்கெல்லாம் அட்டை போடுகிறேன். இந்த வருசம் கணக்கு நோட்டுக்கு வாய்த்தது அந்தப் பார்க்கின் விளம்பரம். கையில்லாத உடுப்புப் போட்ட ஒரு பெண் பிள்ளை சறுக்கில் வருவது போலப் படம். பிரஸ்காரர்கள் ஓட்டம் பார்க்க ஒரே ஷீட்டைத் திரும்பத் திரும்ப மெசினில் விடுவார்கள் இல்லையா? அப்படி விட்டதில் ஏதோ ஊறுகாய் லேபிளின் சிவப்பு, அந்தப் பிள்ளையின் தோளில் இருந்து முழங்கை வரை திட்டுத் திட்டாக விழுந்திருக்கிறது. உங்கள் மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “யம்மா, இந்த அக்காவுக்கும் என்னைய மாதிரி கை. ஆனா மூடாமப் போகுது பாரு. அங்கன மூட வேண்டாம் போல” என்றாள்.

அது மசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் பட்ட தீப்புண் ஆறியதிலிருந்து அவள் மூடாமல் இருக்க ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை என்று டீச்சர் சொல்கிறார்கள். தூக்கினால் சட்டைக்கை கீழே இறங்கிவிடுமாம். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டைக்குள் வேர்த்து, தழும்பெல்லாம் அரித்து, பிள்ளை சொறிந்து சொறிந்து தோல் உரிகிறது. நீங்கள் ஆள் மூலம் அனுப்பிய மூன்று கவுனும் முழுக்கைதான்.

பார்க் வேண்டாம், இருக்கன்குடிக்குக் கூட்டிப் போய் வெள்ளியில் கை வாங்கிப் போடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடி கடைசி வெள்ளிக்கே போட்டாயிற்று. மாரியம்மன் முன்னால் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுத்தான் பிள்ளையை நிறுத்தினேன். மூடிக்கொண்டு வா என்று அவள் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள். நான் போகத்தான் போகிறேன். உத்தரவு கேட்டு இதை எழுதவில்லை, தெரிவிக்க எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பொன்னுத்தங்கம்


திருத்தங்கல்,
27.10.2003

வேல்விழி அப்பாவுக்கு வணக்கம்.

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. கடைசி வாரம் லோடு ஏற்றி ஏற்றித் தோள்பட்டை கழன்றுவிட்டது. கம்பெனி அடைத்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு டூர்.

நீங்கள் கொஞ்சம் இறங்கி வந்து, போனால் போகட்டும், ராட்டினத்திலும் ரயிலிலும் மட்டும் ஏற்று, தண்ணீரில் இறக்காதே, சட்டையைக் கழற்றாதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த மறுநாளே அத்தான் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். யாரிடமோ விசாரித்திருக்கிறார். தண்ணீரில் இறங்குவதென்றால் பருத்தித் துணி அங்கே ஆகாதாம். நைலான் உடுப்பு வாடகைக்குத் தருவார்களாம், பிள்ளைகள் உடுப்புக்குக் கையே கிடையாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறி பிறக்கும் என்று கம்பெனி கேட்டில் நைலான் சேலையைப் பார்த்தால் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே நைலான் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்களாம். இருபது வருசமாக நைலானைத் தொடாத பொம்பளைகள் ஒரு பஸ் நிறையப் போய் இறங்கப் போகிறோம்.

அத்தான் சிரிக்கவில்லை. காப்பியைக்கூடத் தொடாமல், “பொட்டப்புள்ள தங்கம். நாளைக்கு ஒருத்தன் வந்து கேக்கணும்ல? கம்பெனி ஆளுக பூராம் பாக்கும்” என்றார்.

ஆறு வயசுப் பிள்ளைக்கு இவர் இப்போதே மாப்பிள்ளை தேடுகிறார். “அவன் வாரப்பவும் இதே கையோடதான் அத்தான் நிப்பா. கைய மட்டும் நம்ம வீட்டுல வச்சிக்கிட்டா அனுப்பப் போறீக?” என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

அவரைப் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான். அவர் வீட்டு வாசலில்தான் அந்தப் புஸ்வாணம் சாய்ந்தது. இந்தக் கையைக் கண்டால் அவருக்கு நெஞ்சைப் பிசைகிறது, எனக்கும் தெரிகிறது. அதற்காக என் பிள்ளை ஆயுசு பூராவும் மூடிக்கொண்டு திரிய முடியாது.

நீங்களும் போனில் கூப்பிட்டு என்னை மாற்றப் பார்க்காதீர்கள். நான் அத்தான் வீட்டுப் பக்கமே போகப் போவதில்லை.

பொன்னுத்தங்கம்


திருத்தங்கல்,
4.11.2003

அன்புள்ள வேல்விழி அப்பாவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

விடியுமுன் பஸ் கிளம்பியது. உங்கள் மகள் கணக்கு நோட்டை மடியிலேயே வைத்திருந்தாள். டூருக்கு எதுக்குடி நோட்டு என்று ஆவுடைத்தாய் மதினி கேட்டதற்குச் சிரித்தாள். மதுரை தாண்டும் வரை மதினி பாட்டுப் பாடி டிரைவரைப் பாடாய்ப் படுத்தினாள்.

பார்க்கில் போய் இறங்கியதும் பிள்ளைக்கு வாடகை உடுப்பு வாங்கினேன். நீல நிறம், கையில்லை. அவளே மளமளவென்று மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை பஞ்சாயத்து என்று நினைத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே நின்ற ஒரு பணிப்பெண்ணிடம் நோட்டு அட்டையைக் காட்டி, இந்த அக்கா எங்கே, என்னை மாதிரி கை உள்ள அக்கா எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், பிள்ளை கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்படி யாரும் இங்கே இல்லையே பாப்பா என்றாள்.

அதற்கு மேல் நான் மறைக்க முடியாது. ஓரமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, அது மாமா பிரஸ்ஸில் சிந்திய மசி, அந்த அக்கா கைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் அழவில்லை. “அப்ப இங்கன எனக்கு மட்டுந்தானா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் மடியில் இருந்த துண்டை எடுத்துத் தோளோடு சுற்றிக்கொண்டாள். உங்கள் அண்ணன் சொன்னதுதான் சரியோ, வீம்புக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து நோகடித்துவிட்டேனோ என்று இருந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அப்போதுதான் உடுப்பு மாற்றும் அறையில் இருந்து மதினி வெளியே வந்தாள். முழங்கால் வரைக்கும் நைலான் கால்சட்டை, மேலே ஒரு பனியன். இந்தக் கருமத்தை மாட்டிக்கொண்டு செத்தால் சுடுகாட்டில்கூடச் சேர்க்கமாட்டார்கள் என்று வைதுகொண்டே வந்தாள். பனியனுக்கு முந்தானை ஏது? கழுத்தில் இருந்து தோள் வழியாக முதுகு வரைக்கும் அவளுக்குச் சுருங்கிய தழும்பு. பழைய கம்பெனியில் பட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எட்டு வருசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், முழுசாக நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவ்வளவு இழுத்து மூடி வைத்திருந்திருக்கிறாள்.

உங்கள் மகள் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். “அத்தை, ஒங்களுக்கு எதுல?”

“எனக்குச் சக்கரத்துல. ஒனக்கு?”

“புஸ்வாணத்துல.”

ஊர் பேர் விசாரித்துக்கொள்வது போல இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்த பேக்கிங் சுப்புத்தாய் தன் காலை நீட்டி, எனக்குக் கம்பி மத்தாப்பில் என்றாள். இன்னொருத்தி புறங்கையைக் காட்டினாள். பிள்ளை எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தாள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள்தான் எல்லாரும். தினமும் இவள் கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள்தான். பிறகு துண்டை என் மேலே எறிந்தாள். நோட்டையும் கொடுத்துவிட்டு, “அந்த அக்கா கெடக்கட்டும்மா. வாங்கத்தை, சறுக்குக்குப் போவம்” என்றாள்.

யாரும் பார்க்கவில்லை என்று பொய் எழுதமாட்டேன். பார்த்தார்கள். குளத்தில் ஒருத்தி தன் பையனை இவள் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவளாகத் தலையைத் திருப்பும் வரைக்கும் நான் திருப்பவில்லை. ஒட்டுவாரொட்டி இல்லை, வெடியில் பட்டது, நீங்கள் தீபாவளிக்கு வெடித்தீர்களே அதே வெடிதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

பெரிய சறுக்கின் உச்சியில் பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். அங்கே நின்ற ஆள், அடுத்தது யார் என்று கேட்டான். கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் கை தூக்கினாள். அந்தக் கையைத்தான் தூக்கினாள். எனக்குப் பின்னால் மதினி மூக்கைச் சிந்திவிட்டு, குளோரின் கண்ணை எரிக்குது என்றாள்.

திரும்பி வரும்போது என் மடியில் தூங்கிவிட்டாள். நேற்று காலையில் அத்தான் வீட்டுக்கு அவளே ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், பாவாடையும் பழைய அரைக்கைச் சட்டையுமாக. அத்தான் முதலில் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாராம். அப்புறம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். மாடத்தி அக்கா வந்து சொன்னாள்.

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். பெரிய சறுக்கில் அவள் வரும்போது பார்க்கில் எடுத்தது. நீங்கள் விமானம் ஏறியபோது கையில் கட்டுப் பிரிக்கவில்லை. இந்தக் கையை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. முழுக்கை போட்டு போட்டோ அனுப்பு என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நானும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தேன். இனி அனுப்பமாட்டேன்.

தனியாக இருக்கும்போது எடுத்துப் பாருங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கட்டில் பக்கத்துச் சுவரில், கூட இருக்கிறவர்கள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். யார் என்று கேட்டால் என் மகள் என்று சொல்லுங்கள். கையில் என்ன என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள்.

ஊருக்கு யாராவது வந்தால் அவளுக்குக் கவுன் கொடுத்துவிடுங்கள். சிவப்பு நிறம் வேண்டும் என்றாள். கை வைத்தது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளே சொல்லி எழுதச் சொன்னாள். இருக்கன்குடி மாரி உங்கள் பக்கத்தில் இருப்பாள். நீங்கள் வந்து இறங்கும் அன்றைக்கு உங்கள் மகள் அந்தக் கவுனோடுதான் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். ஓடி வந்து கையை நீட்டுவாள். வேல்விழி அப்பா, நீங்கள் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும்.

உங்கள்
பொன்னுத்தங்கம்