கையை மூடினால் நிறுத்து

மார்ச் 4
காலையிலிருந்து காற்று. கிரேன் ஓடவில்லை. புதிதாக வந்த கொத்தனார் இன்று வேலை நடக்குமா என்று கேட்டார். "எல்லாம் மேலே இருக்கிறவர் கையில்தான்" என்று கிரேன் கூண்டில் இருந்த அண்ணனைக் காட்டினேன். பழைய ஜோக்தான், ஆனாலும் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணனிடம், போன மாதம் சாரத்திலிருந்து விழுந்த வெல்டரைப் பற்றிச் சொன்னேன். இன்னும் நினைவு வரவில்லையாம், குழாய் போட்டு அப்படியே வைத்திருக்கிறார்களாம். நமக்கு அப்படி வந்தால் என்ன செய்வது என்று பேச்சை ஆரம்பித்தேன். "விடுடா, வேற பேச்சே கிடைக்கலையா உனக்கு" என்றான். அத்தோடு விட்டேன்.

மார்ச் 19
அண்ணன் விழுந்துவிட்டான். கிரேனிலிருந்து இல்லை — குளியலறையில். மூளையில் ரத்தக் கசிவு. மூச்சை இயந்திரம்தான் விடுகிறது. எழுத ஓடவில்லை.

மார்ச் 23
டாக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். மேசையில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி.

தொண்டையில் துளை போட்டு இப்படியே தொடரலாம், அல்லது இயந்திரத்தை நிறுத்தி, வலி தெரியாமல் போகவிடலாம் என்றார். இந்த மாதிரி நிலை வந்தால் என்ன வேண்டுமென்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். எத்தனை வருடம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம்! ஊர்க்கதை எல்லாம் பேசியிருக்கிறோம். இதை மட்டும் பேசவில்லை.

மார்ச் 25
இன்று அண்ணனின் வலது கை மூடியது. இறுக்கமாக. படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பவும் செய்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் தொழிலில் கையை மூடி உயர்த்தினால் 'நிறுத்து'. கீழே நின்று நான் காட்டுவேன், மேலே அவன் நிறுத்துவான். ஒருநாளும் தவறியதில்லை. இப்போது இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி எனக்குக் காட்டுகிறான். வேறு யாருக்குப் புரியும்?

அண்ணியிடம் சொன்னேன். "என் கையையும் அப்படித்தான் பிடிச்சாரு தம்பி. போக மாட்டேங்கிறாரு" என்றார். டாக்டரோ, அடிபட்ட மூளையில் இது தானாக நடக்கும், இதற்குப் பொருள் கிடையாது என்றார். இவருக்குக் கிரேனைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 28
மூன்று நாளாக இதே சண்டை. கடைசியில் அண்ணி சோர்ந்துபோனார். "நீங்கதான் அவரு கூடவே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார். சம்மதித்தாரா, விட்டுக்கொடுத்தாரா?

மார்ச் 29
நிறுத்தினார்கள். மாலைக்குள் போய்விட்டான். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 11
ஆஸ்பத்திரியில் விட்டுப்போன அண்ணனின் கைக்கடிகாரத்தை வாங்கப் போயிருந்தேன். வார்டு வாசலில் நிற்கச் சொன்னார்கள். அண்ணனின் கட்டிலில் வேறொருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றார் அவருடைய மகள். நர்ஸ் அவர் வாயைத் துடைத்தபோது அவர் கை மூடியது. இறுக்கமாக. படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

அப்படியே. அச்சு அசலாக அப்படியே.

அவர் வாழ்நாளில் கிரேன் பக்கம் போயிருக்க மாட்டார். அப்போ என் அண்ணன் என்ன சொன்னான்? ஏதாவது சொன்னானா? நானா சொல்லிக்கிட்டேன்?

ஏப்ரல் 14
வேலைக்குப் போனேன். மேலே புது ஆள். நிறுத்தச் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கை மூட வரவில்லை. கம்பிக்கட்டு தரையில் இடித்தது. நல்லவேளை, யாரும் கீழே இல்லை. மேற்பார்வையாளர் கிழித்துத் தொங்கவிட்டார்.

மே 2
மனைவிக்குச் சில நாளாக வார்த்தை மாறுகிறது. குடையை எடுக்கச் சொல்ல வந்து 'சாவியை எடுங்க' என்கிறாள். வயசாச்சு என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். இன்று என் பெயருக்குப் பதில் அவள் அப்பாவின் பெயர் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மே 20
ஸ்கேன். தலைக்குள் கட்டி. சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் உனக்கு என்ன வேண்டும்? பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், படுக்கையில் கிடக்காமல் போய்விட வேண்டும் என்று சொல்லுகிறவள் ஆயிற்றே. குழாய் எதுவும் வேண்டாம், அப்படித்தானே என்று நானே முடிக்கப் பார்த்தேன்.

"அது அங்க ஆறுதலுக்குச் சொல்றதுங்க. எனக்குன்னு வந்தா எல்லாம் செய்யணும். குழாய் போடட்டும், துளை போடட்டும். நான் இருக்கணும்" என்றாள். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "முடிவு சொல்றது என் தங்கச்சியா இருக்கட்டும். நீங்க வேண்டாம்."

கோபித்துக்கொள்ளத் தோன்றியது. முடியவில்லை.

உங்களுக்கு யார் என்று கேட்டாள். எனக்கு இயந்திரம் வேண்டாம், எனக்காகப் பேசுவது அண்ணியாக இருக்கட்டும் என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

மே 23
அண்ணி போனை எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு 'சரி' என்றார். நானும் மனைவியும் அவரவர் விருப்பத்தைத் தனித்தனியாக எழுதி, சாட்சி வைத்து, டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்தோம்.

ஜூன் 9
ஆபரேஷன் முடிந்தும் அவள் கண் விழிக்கவில்லை. இன்று வேறொரு டாக்டர், வேறொரு சின்ன அறை. உயிர் தங்க வேண்டுமென்றால் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், பலன் இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஊசிகளும் நீலம் பாரித்த கைகளுமாக அவள் கிடந்தது என் கண்ணுக்குள் நின்றது. 'போதும்' என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது.

மச்சினி முந்திக்கொண்டாள். "எல்லாம் செய்யணும்னு அக்கா சொல்லியிருக்காங்க டாக்டர்."

குழாய் போட்டுவிட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.