ஏழாம் பெட்டியின் முத்திரை

ஓகஸ்ட் 5, திங்கள்
சோளகக் காற்று ஓயவில்லை. முற்றமெல்லாம் புழுதி. மோட்டார் நிறுத்தி நாலு நாள். வெங்காயத்தாள் நுனி மஞ்சள்.
தண்ணீர்த் திட்டத்தார் கிணற்றுக் கட்டில் பூட்டிய, உப்பு அளக்கும் பெட்டி என் தண்ணீர் உப்பு என்று காற்றில் செய்தி அனுப்புகிறதாம். திட்ட அலுவலகத்துத் திரையில் ஏழாம் கிணறு, அதாவது என்னுடையது, சிவப்பு. சிவப்பென்றால் இறைக்கக்கூடாது, கமக்காரர் சங்கத்தின் முடிவு. காலையிலும் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். என் நாக்குக்குச் சங்கத்தில் வாக்கு இல்லை.
வேலிக்கு அப்பால் தங்கச்சியின் கிணறு, எட்டு. பச்சை. அப்பா நல்ல கிணற்றை அவளுக்குச் சீதனமாக எழுதினார். மிஞ்சியது எனக்கு. அன்றோடு அவளிடம் பேச்சில்லை.

ஓகஸ்ட் 6
சந்தையில்: தேங்காய், சவர அலகு, முழங்கால் எண்ணெய் (மறந்தேன்).
கைபேசியில் படித்தேன். ஒரு பெட்டியின் பெயரில் வேறொன்று பொய்ச் செய்தி அனுப்ப முடியுமாம். யார் வேலை என்று விளங்கிவிட்டது. தங்கச்சியின் மகன், கனடாவில் கணினி உத்தியோகம்.
திட்டத்துப் பொறியியலாளராக இருக்கும் பெண்பிள்ளைக்கு அழைத்துச் சொன்னேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இரகசியச் சாவி, ஒவ்வொரு செய்தியிலும் அதன் முத்திரை, முத்திரை பிழைத்தால் அலுவலகம் ஏற்காது என்று விளக்கினாள்.
“ஐயா, கதைக்கிறது ஏழாம் பெட்டிதான். வேற ஒருத்தராலயும் ஏலாது.”
மனு எழுதுவேன் என்றேன். மறக்காமல் கையெழுத்து வைக்கச் சொன்னாள். பகிடியாம்.

ஓகஸ்ட் 8
சோதனை. பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் கம்பியை இழுத்து, உப்புக் கரைத்த வாளிக்குள் விட்டேன். பிள்ளைக்கு அழைத்துத் திரை பார்க்கச் சொன்னேன். ஏழில் மாற்றமே இல்லை என்றாள். பொய்ச் செய்திதான், பிடித்துவிட்டேன் என்றேன்.
மற்ற இலக்கங்களையும் பார்க்கிறேன் என்றாள். பிறகு, “ஐயா, எட்டு இப்ப கடல் மாதிரிக் காட்டுது.”
ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தேன். போன மாதம் இரண்டு கிணறும் ஒரே நாளில், ஒரே ஆட்கள் இறைத்துத் துப்புரவாக்கினார்கள். இரண்டு பெட்டியையும் கழற்றி ஒரே பனையடியில் வைத்தார்கள். முடிந்ததும் வழக்கப்படி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இலக்கத்தின் மேலேயே அப்பியிருந்தார்கள். திரும்பப் பூட்டும்போது இடம் மாறிவிட்டது. சந்தனத்துக்கு அடியில் 8.
எந்தப் பெட்டி பேசுகிறது என்று முத்திரை சொல்லும். அது எந்தக் கிணற்றில் நிற்கிறது என்று சொல்லாது. பிள்ளை சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. மருமகன் விஷயம் பிழை.

ஓகஸ்ட் 9
பிள்ளை வந்து பெட்டிகளை மாற்றினாள். எனக்குப் பச்சை. மத்தியானம் தங்கச்சியின் மோட்டார் நின்றது. அப்பாவின் நல்ல கிணறு உப்பு. இத்தனை வருடம் அதற்காகத்தான் வாய்மூடி இருந்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டு வேலிப் பக்கம் போனேன்.
தங்கச்சி வேலியடியில் வந்து நின்றாள். “எனக்குக் கரிச்சதுதான், அண்ணை. பெட்டி பச்சையெண்டுது. அதைத்தான் நம்பினனான்.” அவளுடைய தாளும் கருகல். நோய் என்று மருந்தடித்தாளாம். 
இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணற்றில் இறைத்தால் அதுவும் உப்பாகும் என்று பிள்ளை எச்சரித்துப் போனாள். நான் கேட்காமலே.

ஓகஸ்ட் 10
காற்றுக் கொஞ்சம் குறைவு. என் தோட்டத்தின் கீழ்ப்பாதியைக் கைவிட்டேன். அதில் மிச்சமாகும் தண்ணீர் தங்கச்சிக்குப் போகக் குழாயை வேலிக்கு மேலால் போட்டேன். வேலியை வெட்டவில்லை.
“காணும், அண்ணை, போதும்,” என்றாள்.
“காணுமோ காணாதோ எண்டு நான் சொல்லுவன்,” என்றேன்.