அன்னாசி ஜெல்லியும் நாத்தனாரும்

டிசம்பர் 4

ஆண்டுக் கடைசி விருந்தை இந்த முறை நடத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் போனபின் மூன்று வருடமாக நடக்கவில்லை. எட்டுப் பேர் போதும். முழுச் சாப்பாடு கிடையாது. அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு முன் தட்டில் சுற்றிவருமே, அந்தச் சின்னச் சின்னப் பதார்த்தங்கள் மட்டும். கல்யாணமான புதிதில் வாங்கிய பத்திரிகையின் விருந்துச் சிறப்பிதழ் பரணில் இருந்தது. படங்களில் நிறம் போய்விட்டது. அளவுகள் தெளிவாக இருக்கின்றன.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். “அத்தையைக் கூப்பிடுவியா?” என்று கேட்டாள். அவளுக்கு அத்தை, எனக்கு நாத்தனார்.

“நீ சொல்லிடு.”

“நான் எதுக்கும்மா நடுவுல? நீயே பேசு.”

வைத்துவிட்டேன்.

டிசம்பர் 6

முட்டை. வேகவைத்து, நீளவாக்கில் வெட்டி, மஞ்சள் கருவை மயோனைஸும் கடுகு விழுதும் சேர்த்துப் பிசைந்து, திரும்ப அதே குழியில் நிரப்ப வேண்டும். ருசி பார்க்கக் கீழ்வீட்டுத் தையல்காரரை அழைத்தேன். ஒன்றை எடுத்து நாலாபுறமும் திருப்பிப் பார்த்தார்.

“ருசி பிரமாதம்மா. ஃபிட்டிங்தான் சரியில்ல. உள்ள துணி அதிகமாயிடுச்சு.”

வாய்க்கொழுப்பு. ஆனால் சரிதான், வழிந்துதான் இருந்தது. நாளைக்குக் கரண்டியால் வேண்டாம், கூம்புப் பையில் போட்டுப் பிழிய வேண்டும்.

டிசம்பர் 9

வால்நட்டில் புரட்டிய சீஸ் உருண்டை. குறை ஒன்றுமில்லை.

டிசம்பர் 11

அன்னாசி ஜெல்லி. ஜெலட்டினைக் கரைத்து, வினிகர், வெள்ளரி, அன்னாசித் துண்டுகள் சேர்த்து, அச்சில் ஊற்றிக் குளிர வைத்தேன். காலையில் கவிழ்த்தால் தட்டு முழுக்கத் தண்ணீர். மேசைவிரிப்பு பாழ்.

பத்திரிகையில் டின் அன்னாசி என்றுதான் போட்டிருக்கிறது. அதை நான் மதிக்கவில்லை. கடையில் நல்ல பழம் கிடைக்கும்போது டின்னைத் திறப்பவள் சோம்பேறி என்று பள்ளியில் மனையியல் எடுத்த சிஸ்டர் சொல்வார். இந்த வீட்டில் இன்றுவரை டின் பழம் நுழைந்ததில்லை.

டிசம்பர் 14

மறுபடி தண்ணீர். ஜெலட்டினை இரண்டு மடங்காக்கியும்!

“இதைக் குடிக்கணுமாம்மா, கடிக்கணுமா?” என்றார் தையல்காரர். அவரை இனி ருசி பார்க்கக் கூப்பிடுவதாக இல்லை.

விருந்துகளில் ஜெல்லி எப்போதும் நாத்தனார் பொறுப்பு. கண்ணாடி மாதிரி நிற்கும், தட்டைத் தட்டினால் மட்டும் லேசாக நடுங்கும். “பார்த்தீர்களா, புதுப் பழத்தின் அருமை” என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைப்பேன்.

அவளிடம் கேட்கலாம். பேருந்தில் அரை மணி தூரம், தொலைபேசியில் ஒரு நிமிடம். மகன் வெளிநாட்டில், அவளும் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவர் காரியம் முடிந்து கிளம்பும்போது பெட்டியோடு வாசலில் நின்று என்ன சொன்னாள்? “அண்ணன் இல்லாத வீட்டுல எனக்கு இனிமே என்ன வேலை?” என்றாள். அப்போ நான் யாரு? இத்தனை வருஷமா இவளுக்கு நான் யாரு? வெறும் சாப்பாடு எடுத்து வச்சவளா? அண்ணன் போனதும் அண்ணியும் போயாச்சா?

போதும்.

டிசம்பர் 17

மூன்றாவது முறை. தண்ணீர்.

டிசம்பர் 18

பேசிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நலம்கூட விசாரிக்கவில்லை. “அன்னாசி ஜெல்லி உறைய மாட்டேங்குது” என்றேன்.

“அண்ணியா?”

“வேற யாரு உனக்கு ஜெல்லிக்காக ஃபோன் பண்ணுவா?”

“பழம் டின்னா, புதுசா?”

“புதுசுதான். நான் என்னிக்கு டின் வாங்கியிருக்கேன்?”

சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். “அண்ணி, பச்சை அன்னாசியப் போட்டா ஜென்மத்துக்கும் உறையாது. அது ஜெலட்டினைத் தின்னுடும். டின்ல இருக்கறது வெந்த பழம், அதான் நிக்கும்.”

“அப்ப நீ வருஷா வருஷம் இங்க போட்டது?”

“டின்தான்.”

“குப்பைக்கூடையில அன்னாசித் தோல் கிடக்குமே, நானே பார்த்திருக்கேன்!”

“அது பழக்கடையில கேட்டு வாங்கினது. உங்ககிட்ட யாரு திட்டு வாங்கறது? டின்னை என் வீட்டுலயே திறந்து டப்பாவுல கொட்டிட்டு, தோலைத் தனியா பையில எடுத்துட்டு வருவேன்.”

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“தோல் யோசனையே அண்ணனோடதுதான்.”

அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து என் வீட்டிலேயே என்னை ஏமாற்றி, நான் ஊரெல்லாம் பெருமை பேசுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள்! கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்ல முடிந்தது.

“முப்பதாம் தேதி விருந்து. ஆறு மணிக்கு வந்துடு.”

“அண்ணன் இல்லாம...” என்று இழுத்தாள்.

“உங்க அண்ணன் கூப்பிடலை. நான் கூப்பிடறேன்.”

“பார்க்கறேன் அண்ணி.”

பார்க்கறேன் என்றால் என்ன அர்த்தம்? வருவாளா, மாட்டாளா?

டிசம்பர் 22

டின் வாங்கினேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்ததாகத் தோன்றியது. பிரமையாக இருக்கலாம்.

உறைந்துவிட்டது.

டிசம்பர் 29

கைதுடைக்கும் துணிகள் இஸ்திரி ஆயிற்று. எட்டுப் பேருக்கு ஒன்பது மடித்திருக்கிறேன். தொலைபேசி வரவில்லை. நான் மறுபடி கூப்பிடுவதாக இல்லை. ஒரு முறை சொல்லியாயிற்று.

டிசம்பர் 30

ஆறு மணி விருந்துக்கு மூன்று மணிக்கே வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். பையிலிருந்து சமையல் மேலங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போனாள். பல்குச்சியில் சீஸும் அன்னாசியும் கோக்கக் கொடுத்தேன். துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குத்தினாள். கண்புரையாம். ஜனவரியில் அறுவையாம். மகனுக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல் சொன்னாள். “அன்னிக்குப் பெட்டியோட நின்னு சொன்னேனே... ‘இரு’ன்னு நீங்க சொல்லுவீங்களான்னுதான் அண்ணி பார்த்தேன்.”

“குச்சியை நேராக் குத்து” என்றேன். அவள் நேராகத்தான் குத்திக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் தட்டைக் காலி செய்தார்கள். தையல்காரர் மட்டும் ஆறு முட்டை.

ஜனவரி 17

நாத்தனாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கூட நான்தான் போனேன். வெளியே வந்ததும் டாக்சிக்காரரிடம் தன் முகவரியைச் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு நம் வீட்டைச் சொன்னேன்.

“துணி ஒண்ணும் எடுத்துட்டு வரலியே அண்ணி.”

“என்கிட்ட இருக்கு. பேசாம இரு.”

ஜனவரி 18

கூடத்துச் சன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். சாய்வு நாற்காலியை என்னைக் கேட்காமலே புத்தக அலமாரிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே போட்டால் அலமாரிக் கதவு திறக்காது.

அவள் மேலுக்குக் குளிக்கப் போன சமயம், நாற்காலியை நகர்த்தி, வேண்டிய புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, திரும்ப அங்கேயே போட்டேன்.