வடிகட்டியில் சாமந்தி

ஜூன் 12, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது, காசிமேட்டில் ஒரு போட்டுக்காரனுக்கும் தூக்கமில்லை.

காலையிலிருந்து என்ஜின் அறையில் குனிந்தபடி. என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றினேன். கடல்தண்ணீர் ஓடும் குழாய்களில் பாதி அடைப்பு. உப்பு, சிப்பி, எண்ணூர்ப் பக்கம் போய் இழுத்து வந்த சாம்பல் சேறு. கம்பி விட்டுக் குத்திக் குத்தி எடுத்ததில் விரலெல்லாம் புண். பம்புக்குள் ரப்பர் சக்கரம் புதுசு. பெல்ட் நாளைக்கு.

மச்சான் எட்டிப் பார்த்தார். என் பெண்டாட்டி செல்விக்கு அண்ணன் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். போட் ஓட்டுகிற ஸ்ராங்கு என்றால் வீலைப் பிடிப்பதோடு நிற்க வேண்டும். இவருக்கு என்ஜினிலும் மூக்கை நுழைக்க வேண்டும்.

"இன்னா மாப்ள, இன்னும் கொடஞ்சிகினே கீற?"

"நீ வீல பாரு மச்சான். சூடு ஏறாம பாத்துக்கறது என் வேல."

வீட்டில் மாவு தீர்ந்துவிட்டதாம். வாங்க மறந்தேன். திட்டு.

ஜூன் 14, சனி

பூஜை. காற்று சுத்தமாக இல்லை, புழுக்கம்.

போட்டுக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை. பெண்கள் கூடை கூடையாகச் சாமந்தி கொண்டுவந்து கடலம்மாவுக்கு வீசினார்கள். எல்லாப் போட்டிலும் இதே கதை. "தண்ணில போடாதீங்க, என்ஜினு அடில இழுத்துக்கும்" என்றேன்.

"வாய மூடுய்யா, நல்ல நாளும் அதுவுமா" என்றாள் செல்வி. மூடிக்கொண்டேன். நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

எழுத்து கோணல்.

நேற்று விடியலில் எல்லாப் போட்டும் ஒன்றாகக் கிளம்பியதில் முகத்துவாரத்தில் நெரிசல். தண்ணீரே தெரியாமல் பூ மிதந்தது. வெளியே வந்ததும் சூடு காட்டும் முள் சிவப்பில். என்ஜினை அணைத்தேன். நங்கூரம் பிடிக்கவில்லை. போட் தடுப்புக் கற்களை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரே கூச்சல்.

கடல்தண்ணீர் வடிகட்டியைத் திறந்தேன். சாமந்தி, வாழைநார், சரிகை, எல்லாம் சேர்ந்து ஒரு கட்டி. பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது மச்சான் வீலை விட்டு இறங்கி வந்துவிட்டார். என்ஜின் மேலிருக்கும் நல்லதண்ணீர்த் தொட்டி மூடியில் துணியைச் சுற்றிப் பிடித்தார்.

"தண்ணி ஊத்துனா ஆறிடும் மாப்ள."

"தொடாத மச்சான்!"

அதற்குள் திருகிவிட்டார். கொதித்த தண்ணீர் பீய்ச்சி நேராக முகத்தில்.

"யம்மா" என்றார். ஒரே தடவை. அப்புறம் கண்ணைப் பொத்திக்கொண்டு, "போட்ட பாரு, போட்ட பாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். போட்டுக்கு ஒரு கீறல் இல்லை. பாழாய்ப்போன போட்.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. வார்டில் ஃபேன் ஓடவில்லை, விசிறி வாங்கினேன்.

மச்சானுக்கு இடது கண் போய்விட்டது. வலதில் வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியுமாம். "திரும்ப போட் ஓட்டுவாரா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த அம்மா சீட்டை மடித்துக் கொடுத்தார்.

பஸ் தண்டையார்பேட்டை தாண்டியதும் செல்வி கேட்டாள். "நான் போட்ட பூவாய்யா அது?"

இல்லை என்றேன். யார் போட்ட பூ என்று யாருக்குத் தெரியும்? அவள் நம்பவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

சாயங்காலம் தூறல்.

ஓனர் வேறு ஸ்ராங்கு பிடித்துவிட்டார், பழவேற்காட்டு ஆள். நல்ல மாதிரிதான். அவர் மேல் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று தெரியும். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டேன். வடிகட்டிக்கு மேலே இன்னொரு கம்பிவலை. இப்போது போட்டு என்ன பிரயோஜனம்.

மச்சான் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். புது ஆள் விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? கடலு எனக்கு மனப்பாடம். பக்கத்துல நின்னு நீ சொல்லு, நான் வீல புடிக்கிறேன். எப்போ கெளம்பறோம்?"

"திங்கக்கெழம" என்றேன்.

"என்ன கூட்டிகினு போறியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்லித் தொலைய?

ஜூன் 30, திங்கள்

எழுதுவது போட்டில். இன்னும் கரைக் கயிறு அவிழ்க்கவில்லை.

வரும் வழியில் மச்சானுக்குக் கஞ்சித் தூக்கைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் செல்வி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பட்டன் ஏறுக்குமாறாக. துண்டு, பை எல்லாம் மடியில்.

பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன். முகத்தைத் தூக்கினார்.

"டீசல் நாத்தம் வருது. வந்துட்டியா மாப்ள?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கைப் பக்கத்து வீட்டுப் படியில் வைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். திரும்பி நடந்தேன்.

"மாப்ள?"