புல்வெளியில் நட்ட புங்கன்கள்

22.10.1996, செவ்வாய்

காரமடை தாண்டி, மலையடிவாரத்தில் வேலி போட்டுக் காக்கும் புல்வெளியில் இன்று மரக்கன்று நட்டார்கள். மழைக்குப் பின் கொஞ்ச நாள் மட்டும் தலைகாட்டும் தரை ஆர்க்கிடும், பூச்சி பிடிக்கும் அழுகண்ணியும் இருப்பதால்தான் அந்த இடத்துக்கு வேலியே. தோண்டிய மண்ணைப் பூக்களின் மேலேயே கொட்டியிருந்தார்கள்.

அந்த இடத்தின் பொறுப்பில் இருக்கும் வனத்துறை அதிகாரியிடம் கேட்டேன். "சும்மா பொட்டலாக் கெடந்துச்சுங்க. பெரிய அதிகாரிங்க பாக்க வர்றாங்கன்னு புங்கன் வெச்சுப்போட்டோம். மரம் வெச்சதுக்குக் கோவிச்சுக்கிற மொத ஆளு நீங்கதானுங்க" என்று சிரித்தபடி இளநீரை நீட்டினார்.

அந்த வேலிக்காகப் பல வருடம் அலைந்த தாவரவியல் பேராசிரியை சரஸ்வதி அம்மா, குழியோரம் உட்கார்ந்து மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். "நெழல் விழுந்தா இதுக வராதுங்க. கன்னு வேர் புடிக்கறதுக்குள்ள எடுக்கச் சொல்லி எழுதுங்க" என்றார்.

பத்திரிகை ஆபீசுக்குத் திரும்பி அப்படியே எழுதினேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "மரம் நடாதேன்னு போட்டா ஊரே சிரிக்குமுங்கண்ணா" என்றார். கன்று நட்டதைச் சொன்ன முதல் பத்தியையும் கன்று நடும் படத்தையும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினார். தலைப்பு, 'பொட்டல் காட்டில் பசுமை'. வாதாடிப் பார்த்தேன். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் சரஸ்வதி அம்மாவின் போன். "நாளைக்கு வருதுங்களா?"

"வருதுங்கம்மா" என்றேன். எது வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

காலையில் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பேப்பர் எனக்கு முன்னால் போய்விடும்.